பெருங்குடல் அறுவை: வீட்டாரில் யார் என்ன செய்யவேண்டும்?

வாசகர் மருத்துவக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 38. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். ஒன்பது வருடமாகப் பெருங்குடலில் புண். ரத்தமும் சளியுமாக நாளைக்கு எட்டு, பத்து முறை போகிறார். இந்த வருடம் மட்டும் மூன்று முறை வார்டில் படுத்துவிட்டார். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 30 மில்லிகிராம் சாப்பிடுகிறார். குறைத்தால் மறுபடியும் ரத்தம் வந்துவிடுகிறது. பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்கவேண்டும் என்று ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார், "கத்தி வைக்க விடமாட்டேன், நாட்டு மருந்து பார்ப்போம்" என்று அழுகிறார். என் அண்ணனும் பக்கத்து வீட்டாரும் உதவி செய்கிறோம் என்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் தள்ளிப் போடலாமா?

பதில்: சகோதரி, ஆறு மாதம் தள்ளிப் போடவேண்டாம். மாத்திரையைக் குறைக்க முடியவில்லை, வருடத்தில் மூன்று முறை வார்டு என்றால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருள். இந்த நிலையில் காத்திருப்பவர்களுக்கு வரும் பெரிய ஆபத்து, பெருங்குடல் திடீரென்று வீங்கி ஓட்டையாவது. அப்போது நள்ளிரவில் அவசர அறுவை செய்ய நேரும். உடம்பு தேறிய நிலையில், தேதி குறித்துச் செய்யும் அறுவையைவிட அதில் உயிராபத்து பல மடங்கு அதிகம். இன்னொன்றும் உண்டு. இந்த நோய் எட்டு ஆண்டுகளைத் தாண்டினால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

ஆனால் சில வாரத் தயாரிப்பு தேவை. பிரட்னிசோலோன் நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பல வாரம் ஓடினால் தையல் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும். அதனால் முடிந்த அளவு குறைத்துக்கொண்டு அறுவைக்குப் போவது நல்லது. குறைக்கும் வேகத்தை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். அறுவைக்கு முன் இவர் இந்த மருந்தில் இருக்கிறார் என்பது மயக்க மருந்து டாக்டருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றலாமா என்று கேளுங்கள். எடை குறைந்திருந்தால் முட்டை, மீன், சோயா, பால் மாவு என்று புரதத்தைக் கூட்டுங்கள். புகைப்பவராக இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தவேண்டும்.

மாமியாரின் நாட்டு மருந்தைப் பற்றி. அவரோடு சண்டை போடவேண்டாம். எந்தப் பொடி, எந்தக் கஷாயம் கொடுக்கிறார் என்று எழுதி வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் பொருள்களும், மயக்க மருந்தோடு ஒத்துப்போகாதவையும் அதில் இருக்கலாம். அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது பாதுகாப்பு. அடுத்த முறை ஸ்டோமா தாதியை, அதாவது பை வைப்பவர்களைக் கவனிக்கும் தாதியை, பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். பை எப்படி இருக்கும், எங்கே ஒட்டும், வெளியே தெரியுமா என்று கண்ணால் பார்த்துவிட்டால் அழுகை பெருமளவு அடங்கும். பார்க்காத பொருளைத்தான் அவர் பயப்படுகிறார்.

என்ன செய்வார்கள் என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். முதல் அறுவையில் பெருங்குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசி முனையைத் தொப்புளுக்குக் கீழே வலப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அதுதான் ஸ்டோமா. தோலுக்கு மேல் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் நீண்டு நிற்கும். மலக்குடல் துண்டு ஒன்று உள்ளேயே இருக்கும். அதனால் பை வைத்த பிறகும் ஆசனவாய் வழியாகச் சளியும் கொஞ்சம் ரத்தமும் வரலாம். "எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் ரத்தம்?" என்று பல வீடுகளில் பதறுகிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பதற்றம் வராது. பல மாதம் கழித்து, உடம்பு தேறிய பிறகு, மலக்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலை ஜே எழுத்து வடிவில் மடித்து உள்ளேயே ஒரு பை தைக்கலாம். லண்டன் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கல்ஸ் இருவரும் 1978-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. அதன் பிறகு மலம் வழக்கமான வழியில் போகும். ஆனால் நாளைக்கு நான்கிலிருந்து எட்டு முறை போகும், இரவிலும் ஒரு முறை எழவேண்டியிருக்கும். அந்த உள் பையிலேயே வீக்கம் வருவதும் உண்டு, பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கில் அடங்கும். வேண்டாம் என்று வெளிப் பையோடு நிம்மதியாக இருந்துவிடுபவர்களும் உண்டு. அவசரப்பட்டு இப்போதே முடிவெடுக்கவேண்டாம்.

இனி, உதவி. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பவர்களிடம் ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அப்படிக் கொடுக்காவிட்டால் எல்லாரும் வார்டில் கூடி நிற்பார்கள், வீட்டில் சோறு பொங்க ஆள் இருக்காது.

உங்கள் அண்ணன் டாக்டரோடு பேசும் ஆளாக இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தோடு போய் இவற்றைக் கேட்கவேண்டும்: துளை போட்டுச் செய்வார்களா, வயிற்றைத் திறந்தா? எத்தனை கட்டம்? பிரட்னிசோலோனை எந்தத் தேதியில் எவ்வளவு குறைப்பது? ரத்தக்கட்டி வராமலிருக்க ஊசி எத்தனை நாள்? வீட்டுக்குப் போன பிறகு எந்த எண்ணுக்கு அழைப்பது? ரத்தக்கட்டிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இப்படிக் குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஒப்புதல் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கையெழுத்துப் போடும் முன் தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை.

பை மாற்றக் கற்றுக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்: உங்கள் கணவர், அடுத்து நீங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மனைவியே மாற்றிப் பழகிவிட்டால் அவர் தனியாக ஓர் இடத்துக்கும் போகமாட்டார். வார்டிலிருந்து கிளம்பும் முன் இரண்டு முறையாவது அவர் கையாலேயே மாற்றியிருக்கவேண்டும். முதல் முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தாதீர்கள். பையின் கிளிப்பைத் திறந்து காலி செய்வதை மட்டும் முதலில் செய்யட்டும்.

வண்டி ஓட்டும் ஆள் ஒருவர். அறுவைக்குப் பின் உங்கள் கணவரால் ஆறு வாரமாவது மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் சமைக்கவும் பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள். காஸ் தோம்பு (சிலிண்டர்) தூக்குவது, தண்ணீர் வாளி, அரிசி மூட்டை எல்லாம் வேறொருவர் கைக்குப் போகவேண்டும். முதல் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு 2, 3 கிலோவுக்கு மேல் எதையும் அவர் தூக்கக்கூடாது. தூக்கினால் ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கும்.

யாருக்கெல்லாம் பை விஷயம் தெரியலாம் என்று கணவரிடமே கேளுங்கள். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) செய்தி வேகமாகப் பரவும். அவர் சொல்லாதவர்களுக்கு நீங்களும் சொல்லாதீர்கள்.

அறுவைக்கு முந்தின நாள் தாதி வயிற்றில் ஸ்டோமா இடத்தைப் பேனாவால் குறிப்பார். உட்கார்ந்து, நின்று, குனிந்து காட்டவேண்டும். மடிப்பு விழும் இடத்திலும் இடுப்பு வாரின் கோட்டிலும் வந்தால் பை நிற்காது. வேலைக்குப் போடும் காற்சட்டையையும் வாரையும் கொண்டுபோங்கள். பெண்களாக இருந்தால் உள்பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டவேண்டும்.

இதற்கிடையில் நாளைக்கு ஆறு முறைக்கு மேல் ரத்தமாகப் போய், கூடவே காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ வயிற்று வீக்கமோ இருந்தால் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பெராமைடு மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். புண் கடுமையாக இருக்கும்போது அது குடலை வீங்கச் செய்யும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வலி மாத்திரைகளும் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டோமா வைத்து இரண்டு மாதமாகிறது. பை ஒரு நாள்கூட நிற்பதில்லை, ஓரத்தில் கசிகிறது. சுற்றிலும் தோல் வெந்து சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவுகிறோம். நான் வேலைக்குப் போகவேண்டும், இரவெல்லாம் தூக்கம் இல்லை.

பதில்: எண்ணெயையும் மஞ்சளையும் இன்றே நிறுத்துங்கள். எண்ணெய் பட்ட தோலில் பசை ஒட்டாது. முகப் பவுடர், ஈரத் துடைப்பான், வாசனைச் சோப்பு, தைல எண்ணெய் எல்லாம் அப்படித்தான். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும்.

உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அறுவை முடிந்த புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சுருங்கும். பையைத் தோலோடு ஒட்டும் தகட்டில் வெட்டும் ஓட்டை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. இடையே தெரியும் தோலில் சிறுகுடல் நீர் படுகிறது. அந்த நீரில் செரிமான நொதிகள் இருப்பதால் தோலையே அரிக்கிறது. அரித்த தோல் கசியும், கசியும் தோலில் தகடு ஒட்டாது, மேலும் கசியும்.

இன்று ஸ்டோமாவை அளவு அட்டையால் அளந்து, அதைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். மாற்றும் நேரம் காலையில், எதையும் சாப்பிடும் முன். அப்போதுதான் குடல் அமைதியாக இருக்கும். பழைய தகட்டை மேலிருந்து கீழாக, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரிக்கவேண்டும். கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி நன்றாக உலர விடுங்கள். சிவந்து ஈரமான இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். பள்ளமும் மடிப்பும் இருந்தால் பேஸ்ட் வைத்து நிரப்பலாம். புதுத் தகட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே ஓரிரு நிமிடம் வைத்துச் சூடாக்கி ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஐந்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்தியிருக்கவேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிடுவதால்தான் பாதிக் கசிவு. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். கனத்தில் தொங்கினால் தகடு பிரியும். ஒழுங்காக ஒட்டிய தகடு மூன்று, நான்கு நாள் தாங்கும். இருப்பிலுள்ள பைகளைக் காரிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வைக்காதீர்கள், வெயிலில் பசை இளகிவிடும்.

இரண்டு மாற்றத்துக்குப் பிறகும் கசிந்தால் ஸ்டோமா தாதியைப் பாருங்கள். தோல் மட்டத்திலேயே படிந்துவிட்ட ஸ்டோமாவுக்குத் தோல் பக்கமாகக் குவிந்த தகடு வேண்டியிருக்கும், அதை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். ஸ்டோமா எப்போதும் வாயின் உட்சதை போலச் சிவந்து ஈரமாக இருக்கவேண்டும். துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் அன்றே மருத்துவமனை.

உங்கள் தூக்கமும் முக்கியம். அப்பாவின் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, படுக்கும் முன் பையைக் காலி செய்யுங்கள். வீட்டில் தம்பியோ மாமாவோ இருந்தால் வாரத்தில் மூன்று இரவு அவர்கள் பொறுப்பு. பை வாங்கும் செலவு தாங்கவில்லை என்றால் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில், மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று பலகை இருக்கும் இடத்தில், சம்பளச் சீட்டோடு போய்க் கேளுங்கள். டாக்டரோ தாதியோ எழுதிக் கொடுத்தால் சுலபம்.

கேள்வி: சிறுகுடல் பை உள்ளவருக்கு என்ன சமைப்பது? நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறேன், அப்படியும் கால் நரம்பு இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார்.

பதில்: வெறும் தண்ணீரை அதிகமாகக் கொடுப்பதே காரணமாக இருக்கலாம். சிறுகுடலைத் தாண்டி வரும் உப்பையும் நீரையும் பெருங்குடல்தான் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பும். அது இல்லாதபோது உப்பில்லாத தண்ணீர் சிறுகுடலுக்குள் போய், உடம்பிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு பையில் விழுகிறது. குடிக்கக் குடிக்க வறட்சி கூடுகிறது. இளநீர், காப்பி, தேநீர், சிரப் தண்ணீர் எல்லாம் இதில் ஒன்றுதான். 100 பிளஸ் போன்ற பானங்களிலும் உப்பு போதாது.

ஓ.ஆர்.எஸ். பொடியை (உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி) பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் கலந்து, நாள் முழுவதும் மிடறு மிடறாகக் கொடுங்கள். பை அதிகமாக ஓடும்போது வீட்டிலேயே கலக்கும் முறை இது: ஒரு லிட்டர் தண்ணீர், குளுக்கோஸ் மாவு 20 கிராம் (மட்டமாக ஆறு தேக்கரண்டி), உப்பு 3.5 கிராம் (மட்டமாக ஒரு தேக்கரண்டி), சமையல் சோடா 2.5 கிராம் (குவியலாக அரைத் தேக்கரண்டி). குளிர்ச்சியாக்கி உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தால் உப்புக் கரிப்பு அவ்வளவாகத் தெரியாது. 24 மணி நேரத்தில் தீர்த்துவிடவேண்டும். சிறுநீரகம், இருதயம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே குடிக்கலாம்.

அளவுக் கோடு போட்ட ஒரு ஜக்கைக் கழிப்பறையில் வையுங்கள். காலி செய்யும்போதெல்லாம் அளந்து எழுதுங்கள். குடல் பழகிய பிறகு நாளைக்கு 500 முதல் 800 மில்லி வருவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலும், சிறுநீர் கறுத்துக் குறைந்தாலும், வாந்தி வந்தாலும் உடனே மருத்துவமனை. முதல் மாதத்தில் வார்டுக்குத் திரும்பி வருபவர்களில் பலரும் இந்த வறட்சியால்தான் வருகிறார்கள். சிறுநீரகம் பாதிக்கும் வரை பலருக்குத் தெரிவதில்லை. பை வைத்த பிறகு, கழிவைக் கெட்டியாக்க லோப்பெராமைடு கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடவேண்டும், டாக்டர் சொன்ன அளவில்.

முதல் ஆறு வாரம் குழைந்த சோறு, உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, உருளைக்கிழங்கு, தோல் நீக்கிய பருப்பு, முட்டை, மீன், பழுத்த வாழைப்பழம். கழிவு கெட்டியாக இவை உதவும். முருங்கைக்காய், தேங்காய்த் துருவல், சோளம், காளான், வேர்க்கடலை, கொய்யா, அன்னாசி, கீரைத் தண்டு ஆகியவை குடல் வாயிலில் சிக்கி அடைத்துவிடும், ஆறு வாரம் தள்ளி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, நன்றாக மென்று பார்க்கலாம். நான்கைந்து மணி நேரம் பையில் எதுவும் விழாமல் வயிறு முறுக்கினால் சாப்பாட்டை நிறுத்துங்கள். வெதுவெதுப்பாக ஏதாவது குடித்து, வயிற்றைத் தடவி, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லுங்கள். வாந்தி தொடங்கிவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. எந்த நிலையிலும் பேதி மருந்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: குடலறுவை செய்தவர் மறுபடியும் குலை வெட்டலாமா? மண்டோர் (மேற்பார்வையாளர்) இப்போதே கேட்கிறார். சம்பளம் நிற்குமா?

பதில்: 15, 20 கிலோ குலையைத் தூக்கும் வேலைக்குத் திரும்புவதை நாங்கள் ஏற்கமாட்டோம். அண்ணாந்து நீளக் கம்பை இழுக்கும்போதும் குலையைத் தள்ளுவண்டியில் போடும்போதும் வயிற்றுச் சுவரில் விழும் அழுத்தம் ஸ்டோமாவைச் சுற்றிப் பிதுக்கத்தை உண்டாக்கும். பட்டை கட்டினாலும் அதை முழுதாகத் தடுக்க முடியாது. மூன்று மாதத்துக்குப் பிறகு நாற்றுப் பண்ணை, நிறுவை, ஸ்டோர், வண்டி ஓட்டுவது போன்ற வேலைக்கு மாற்றும்படி நிர்வாகிக்கு டாக்டர் கடிதத்தோடு எழுதுங்கள்.

சம்பள விஷயத்தில், மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி மருத்துவமனையில் தங்கவேண்டிய நோய்க்கு ஆண்டில் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது சாதாரண எம்சி (மருத்துவச் சான்றிதழ் விடுப்பு) நாள்களோடு சேர்த்துக் கணக்கிடப்படுவதில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாலும், மருத்துவமனையில் இருக்கவேண்டிய அளவுக்கு நோய் இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த நாள்களும் இதில் சேரும். அதைக் கேட்டு வாங்குங்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தோட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். மண்டோரிடம் வாயால் சொன்னதோடு நிற்காமல் எம்சி நகலைக் கொடுத்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வேலைக்குத் திரும்பவே முடியாது என்றால் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் விண்ணப்பியுங்கள். உழைத்துச் சம்பாதிக்கும் திறன் பெரிதும் போனவர்களுக்கு இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. வேறு வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் 2007-இலிருந்து நடக்கிறது.

கேள்வி: எனக்கு 26 வயது, கல்யாணம் ஆகி ஒரு வருடம். பெருங்குடல் எடுத்தாயிற்று. உள் பை வைத்துக்கொண்டால் குழந்தை பிறக்காது என்கிறார்கள், உண்மையா?

பதில்: பிறக்காது என்பது தவறு. ஆனால் இடுப்புக்குழிக்குள் செய்யும் அந்த அறுவையால் கருக்குழாயைச் சுற்றி ஒட்டுத்தசை வளர்ந்து, கருத்தரிப்பது கடினமாகலாம். ஆகவே குழந்தை பெற்ற பிறகு இரண்டாம் கட்டத்துக்கு வரலாமா என்று அறுவை டாக்டரிடம் கணவரோடு போய்க் கேளுங்கள். ஸ்டோமாவோடு கர்ப்பம் தரித்துக் குழந்தை பெறுவது நடக்கக்கூடியதே. காத்திருக்கும் காலத்தில் உள்ளே விட்டிருக்கும் மலக்குடல் துண்டை டாக்டர் சொன்ன இடைவெளியில் கேமரா வைத்துப் பார்க்கவேண்டும். அதிலும் புற்றுநோய் வரலாம்.

கேள்வி: ஸ்டோமா உள்ள என் தங்கை தைப்பூசத்தில் பால்குடம் எடுக்க நேர்ந்திருக்கிறாள். விடலாமா?

பதில்: அறுவை முடிந்து மூன்று மாதம் தாண்டி, தையல் ஆறியிருந்தால் எடுக்கலாம். சின்னச் செம்பாக, இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். முழு விரதம் வேண்டாம். காலையில் கஞ்சி குடித்து, பையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பவேண்டும். பாவாடை நாடா ஸ்டோமாவின் மேல் அழுந்தாதபடி மேலேயோ கீழேயோ கட்டுங்கள். கூட வருபவர் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசல், ஏற்கெனவே வெட்டிய இரண்டு தகடு, பை, துணி, நெகிழிப்பை ஆகியவற்றைத் தோளில் வைத்திருக்கவேண்டும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறும் முன், விடியற்காலையில் எடுப்பது நல்லது.